திறவுகோல் வங்கியில் உள்ளது

கட்டபெட்டுக் கிளைக்கு நூறு வயதாகிறது என்பது அந்த வங்கிக்கே தெரியாது. கழிவறைக் குழாய் உடைந்து, சுவரை இடிக்க வந்த கொத்தனார்தான் காரைக்குப் பின்னாலிருந்து ஒரு கல்லைக் கண்டெடுத்தார். 'நீலமலை பரஸ்பர வங்கி, 1926' என்று அதில் செதுக்கியிருந்தது. துணி துவைக்க எடுத்துப் போகட்டுமா என்று கேட்டார். கிளையின் உதவி மேலாளர் ஜெகதீசன் வேண்டாம் என்று சொல்லி, கல்லைக் கைப்பேசியில் படம் எடுத்துக் கோயமுத்தூர் மண்டல அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தார். அந்த வருடம் அவர் செய்த தவறுகளில் அதுதான் பெரியது.

மண்டல அலுவலகத்தில் விளம்பரப் பிரிவை அருண்பிரசாத் என்பவர் கவனித்துக்கொண்டிருந்தார். கவனிப்பதற்கு அங்கே அதிகமாக எதுவும் இல்லை என்பது அவருடைய நெடுநாள் மனக்குறை. படம் போன மறுநாளே மலையேறி வந்துவிட்டார். கழிவறை வாசலில் நின்று கல்லைக் கையால் தடவி, கண்களை மூடி, "ஹெரிடேஜ்!" என்றார். கொத்தனார் சிமெண்டுச் சட்டியை எடுக்க வேண்டியிருந்ததால் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்.

நூற்றாண்டு விழா என்று முடிவாயிற்று. விழா மலருக்கு அருண்பிரசாத்தே வரலாறு எழுதினார். மலைத் தொழிலாளர்களின் கண்ணீரைத் துடைக்க நான்கு தீர்க்கதரிசிகள் ஏற்றிய தீபம் அந்த வங்கி என்பது அவர் கண்டுபிடிப்பு. கட்டபெட்டில் எந்த டீக்கடையில் கேட்டிருந்தாலும் வேறு கதை சொல்லியிருப்பார்கள். அந்த நால்வரும் உருளைக்கிழங்கு மண்டிக்காரர்கள். ஒருவர் வீட்டில் பணம் வைக்க மற்ற மூவருக்கும் மனம் ஒப்பவில்லை. அதனால் நான்கு பூட்டுகள் கொண்ட ஓர் இரும்புப் பெட்டி வாங்கி, ஆளுக்கொரு சாவி வைத்துக்கொண்டார்கள். ஒருவர் மேட்டுப்பாளையம் போய்விட்டால் மற்ற மூவருக்கும் வியாபாரம் இல்லை. இந்தச் சந்தேகத்துக்கு ஒரு கூரை போட்டு, வாசலில் பலகை மாட்டியபோது அது வங்கி ஆயிற்று. பின்னால் அதை ஒரு கோயமுத்தூர் வங்கி விழுங்கியது. கோயமுத்தூர் வங்கியை வடக்கேயிருந்து வந்த ஒரு பெரிய வங்கி விழுங்கியது. ஒவ்வொரு விழுங்கலுக்கும் பெயர்ப்பலகை நீண்டது, கவுண்டர் ஒன்று குறைந்தது. இப்போது பலகை கட்டடத்தைவிட அகலம். உள்ளே இரண்டே பேர்: ஜெகதீசன், காசாளர் கெஸியா. மேலாளர் நாற்காலி வெகுநாளாகக் காலி என்பதால் எல்லாப் பொறுப்பும் ஜெகதீசனுக்கு வந்துசேர்ந்திருந்தது. அதிகாரம் மட்டும் வந்துசேரவில்லை.

"வரலாறு ரெடி. காட்டறதுக்கு ஒரு பொருள் வேணும். ஏதாவது ஆன்டிக் இருக்கா ஜெகதீசன்?" என்றார் அருண்பிரசாத்.

"பழைய ஃபேன் ஒண்ணு இருக்குதுங்க சார். இந்தக் குளிர்ல எதுக்கு வாங்குனாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியலைங்க."

கெஸியா தலையைத் தூக்காமல் சொன்னாள்: "ராஜகுமாரி அக்காவோட உண்டியல் இருக்கே சார்."

ஜெகதீசன் அவளை முறைத்தார். முறைத்துப் பயனில்லை. வார்த்தை அருண்பிரசாத்தின் காதில் விழுந்துவிட்டது.

நீலமலை பரஸ்பர வங்கி உயிரோடு இருந்த கடைசிக் காலத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்கெல்லாம் இலவசமாக ஒரு தகர உண்டியல் கொடுத்தது. தேயிலைப் பெட்டி மாதிரி சின்னதாக, பச்சை வண்ணத்தில், கொழுந்து பறிக்கும் பெண்ணின் படத்தோடு. மேலே காசு போட ஒரு கீறல். பக்கவாட்டில் நோட்டைச் சுருட்டிப் போட ஒரு வட்டத் துளை. உள்ளே தகரப் பற்கள். போனது திரும்பி வராது. அடியில் அச்சடித்திருந்தது: 'இப்பெட்டி வங்கியின் சொத்து. உடைத்தல் சட்டப்படி குற்றம். திறவுகோல் வங்கியில் உள்ளது.' சம்பள வாரம் முடிந்ததும் வங்கி ஆள் ஒருவர் சாவியோடு லயத்துக்கு வருவார். எல்லார் முன்னிலையிலும் திறப்பார்.

சேமிப்புப் பழக்கத்தை வளர்ப்பது வங்கியின் எண்ணம். லயத்துப் பெண்கள் அதற்கு வேறு பயன் கண்டார்கள். சம்பள வாரத்தில் ஆண்கள் கையில் எது கிடைத்தாலும் அடகுக்கடைக்குப் போகும். புருஷனால் திறக்க முடியாத பெட்டி வீட்டுக்குள்ளேயே வந்ததும், பெண்கள் மூக்குத்தியையும் தோட்டையும் கழற்றி வட்டத் துளை வழியே உள்ளே போட்டுவிட்டார்கள். வாரம் முடிந்து வங்கி ஆள் வந்து திறந்ததும் எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். வங்கி தன் வாழ்நாளில் செய்த ஒரே நல்ல காரியம் இது. வங்கிக்கு அது தெரியாது.

அப்படி ஒரு சம்பள வாரத்தில்தான், கெஸியா சொன்ன அந்த லயத்து ராஜகுமாரியின் அம்மா தன் தோட்டை உள்ளே போட்டார். அந்த வாரம் வங்கி ஆள் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. கோயமுத்தூர் வங்கி வந்து நீலமலை வங்கியை விழுங்கியிருந்தது. விழுங்கும்போது சாவி எங்கோ கீழே விழுந்துவிட்டது.

அது சாதாரணத் தோடு இல்லை. இலங்கையில், அட்டன் கடைத்தெருவில் வாங்கிய சிவப்புக்கல் தோடு. குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியபோது, அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு வந்து சேர்ந்த ஒரே பொருள். காதில் இருந்ததால் பிழைத்தது. மற்றதெல்லாம் சுங்கச் சோதனையிலும் புகைவண்டியிலும் போயிற்று.

உடைத்து எடுத்தால் என்ன என்று கேட்காத ஆள் இல்லை. ராஜகுமாரியின் பதில் எப்போதும் ஒன்றுதான்: "எழுதியிருக்குதே சார்." கடல் தாண்ட ஒரு தாள், கரையில் இறங்க ஒரு தாள், லயத்தில் காம்பரா என்கிற ஒற்றை அறை கிடைக்க ஒரு தாள் என்று வாழ்ந்த வீடு. அச்சடித்த எழுத்தோடு மோதி ஜெயித்த ஒருவரையும் அந்த வீடு பார்த்ததில்லை. அம்மா பெட்டியைச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தார், காத்திருந்தே இறந்துபோனார். அதற்குப் பிறகு ராஜகுமாரி காத்திருந்தார். ஒவ்வொரு சம்பளத்துக்கும் கிளைக்கு வருவார், பணத்தை எடுத்துக்கொண்டு, "சாவி வந்திருச்சிங்களா சார்?" என்பார். ஓர் அதிகாரி மேலே எழுதியிருக்கிறோம் என்றார். இன்னொருவர் கம்ப்யூட்டரில் காட்டவில்லை என்றார். ஜெகதீசன் மட்டும், "வரலைங்க, உக்காருங்க, தண்ணி குடிக்கறீங்களா?" என்பார். சாவிக்கு அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

அருண்பிரசாத்தின் முகம் விழாப் பந்தல் மாதிரி ஜொலித்தது. "கொண்டுவரச் சொல்லுங்க. மேடையில சீஃப் கெஸ்ட் கையால திறக்கறோம்."

"சாவி இல்லீங்களே சார்."

"சாவி நான் கொண்டுவரேன்."

அந்தச் சொல்லை நம்பித்தான் ஜெகதீசன் லயத்துக்குப் போனார். ராஜகுமாரியின் மகள் ஜீவிதாவுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள், மஞ்சூர் மாப்பிள்ளை, விழா முடிந்து அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை. காம்பராவில் புதுப் பாத்திரங்கள் அடுக்கியிருந்தன.

"சாவி கெடைச்சிருச்சிங்களா!" ராஜகுமாரி பாத்திரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "சார், எம்மவ அந்தத் தோட்டப் போட்டுக்கிட்டுத்தான் மணவறையில குந்தணும். அம்மா சாகுறப்ப வேற ஒண்ணும் கேக்கல. அத மட்டுந்தான் சொல்லிச்சி."

"கொண்டு வராங்களாமுங்க. பெரிய ஆபீசரே சொல்லியிருக்கறாருங்க."

"நீங்க சொல்லுங்க சார். பெரிய ஆபீசர் யாருன்னு எனக்குத் தெரியாது."

ஜெகதீசன் சொன்னார்.

விழா அன்று மேகம் பந்தலுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. கடைசி வரிசைக்கு மேடை தெரியவில்லை. அதில் யாருக்கும் பெரிய நஷ்டமும் இல்லை. சிறப்பு விருந்தினர் மசினகுடியில் நாலைந்து ரிசார்ட்டுகளுக்குச் சொந்தக்காரர். அந்த வங்கியில் கடன் வாங்கி, கட்டாமலேயே கௌரவம் பெற்றவர். "சேமிப்பு என்பது வாழ்க்கை முறை" என்று அவர் பேசினார். அருண்பிரசாத் பேசிய பேச்சில் நம்பிக்கை என்ற சொல் அத்தனை முறை வந்தது; கேட்டவர்களுக்கு அது கையைவிட்டுப் போய்க்கொண்டிருப்பது போலிருந்தது.

பிறகு சாவி வந்தது. வெல்வெட்டுத் தட்டில், பித்தளையில், ஒரு முழ நீளத்துக்கு.

ஜெகதீசன் மேடைக்குப் பின்னால் ஓடி வந்தார். "சார், இது ஓட்டைக்குள்ள போகாதுங்களே!"

"போக வேண்டாம் ஜெகதீசன். இது செர்மோனியல், மேடைக்கு மட்டும்."

"நெசச் சாவி?"

"இதுதான் சாவி. கோயமுத்தூர்ல ஆர்டர் குடுத்துச் செஞ்சது. எவ்வளவு வெயிட்டா இருக்கு பாருங்க."

விருந்தினர் பித்தளைச் சாவியை உண்டியலின் மேல் ஒட்டிப் பிடித்தார். படம் எடுத்தார்கள். வெளிச்சம் போதவில்லை என்று மறுபடி எடுத்தார்கள். கைதட்டினார்கள். ராஜகுமாரிக்குச் சால்வை போர்த்தி, பிளாஸ்டிக்கில் ஒரு யானைக்குட்டி உண்டியல் கொடுத்தார்கள். அதற்குச் சாவித் துளையே கிடையாது.

"தொறக்கலீங்களே சார்," என்றார் ராஜகுமாரி, அருண்பிரசாத்தின் காதோரம்.

"திறந்தாச்சும்மா. போட்டோ பாருங்க, அப்ப தெரியும்."

தகர உண்டியலைக் கிளைக்குள் கொண்டுபோய், புதிதாகச் செய்த கண்ணாடிப் பேழைக்குள் வைத்தார்கள். ஓரத்தில் சொத்து எண் ஒட்டினார்கள். அருண்பிரசாத் பேழையைச் சின்னதாக ஒரு நிஜச் சாவியால் பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு விருந்தினரின் காரில் மசினகுடிக்கு யானை பார்க்கப் போனார். அங்கிருந்து கோயமுத்தூருக்குப் போய்விட்டார்.

முன்பு ஒரு பூட்டு. இப்போது இரண்டு. நூறாண்டு முன்னேற்றம்.

மறுநாள் ஜெகதீசன் போன் செய்தார்.

"சார், அந்தம்மா பெட்டியத் திருப்பிக் கேக்கறாங்க."

"அது அவங்களதுன்னு யார் சொன்னா? அடியில படிச்சுப் பாத்தீங்களா? பேங்க்கோட சொத்துன்னு அதுலயே போட்டிருக்கு."

எந்த எழுத்துக்குப் பயந்து ஒரு குடும்பம் இத்தனை வருடம் பெட்டியைத் தொடாமல் காத்ததோ, அதே எழுத்தைக் காட்டி இந்த ஆள் பெட்டியை எடுத்துக்கொண்டார்.

"சரிங்க சார். உள்ள இருக்கறது அவங்களதுங்க."

"உள்ள என்ன இருக்குன்னு பேங்க்குக்குத் தெரியாதே. தெரியாத பொருளை எப்படித் திருப்பிக் குடுக்கறது?"

"தொறந்தாத் தெரிஞ்சிருமுங்க."

"திறந்தா ஹெரிடேஜ் போயிடும் ஜெகதீசன். அப்புறம், யார் போட்டாங்களோ அவங்க வந்து கேக்கணும். ஆதாரோட."

"போட்டவங்க செத்துட்டாங்க சார்."

"பாத்தீங்களா? இதுல எவ்வளவு சிக்கல் இருக்கு!"

அடுத்தடுத்த நாட்களில் ஜெகதீசன் தமிழில் கெஞ்சினார், ஆங்கிலத்தில் எழுதினார். வாட்ஸப்பில் கைகூப்பும் படம் அனுப்பினார். பதிலுக்குக் கட்டைவிரல் வந்தது. ராஜகுமாரி தினமும் வேலை முடிந்து, கொழுந்துக் கறை படிந்த கையோடு வந்து, கண்ணாடிக்கு முன்னால் நிற்பார். அதுவரை சாமிக்குப் பக்கத்தில் இருந்த பெட்டிக்கு இப்போது மேலே ஒரு விளக்கு எரிந்தது.

"நம்மூட்டு சாமானை நாமளே வந்து பாத்துட்டுப் போற மாதிரி ஆயிருச்சில்ல சார்," என்றார் ஒரு நாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் ஜெகதீசனுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

கடைசியாக ஜெகதீசன் எல்லா மரியாதையையும் கழற்றி வைத்துவிட்டுப் போனில் கத்தினார். "சாவியை மட்டும் அனுப்புங்க சார்! வேற ஒண்ணும் வேண்டாமுங்க! சாவி!"

"சரி சரி, கொரியர்ல போடச் சொல்றேன். இதுக்குப் போயி டென்ஷன் ஆகறீங்களே."

கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம் கொரியர் வந்தது. அட்டைப்பெட்டி கனமாக இருந்தது. அந்தக் கனத்திலேயே ஜெகதீசனுக்குப் புரிந்துவிட்டது. பிரித்தார். வெல்வெட்டு. அதே விழாத் தட்டு, அதன்மேல் ஒரு முழப் பித்தளைச் சாவி.

கெஸியா எட்டிப் பார்த்தாள். "நாம கேட்டது இதுதானா சார்?"

"பேசாத இரு கெஸியா."

"கூட ஒரு சீட்டு இருக்கு சார். 'கிளையில் காட்சிக்கு வைக்கவும்'னு."

போன் செய்தார். அருண்பிரசாத் திங்கட்கிழமை வரை விடுப்பு. பேழைச் சாவி அவர் சட்டையில், சட்டை அவரோடு.

சாயங்காலம் ராஜகுமாரி வந்தார். வெள்ளிக்கிழமை என்பதால் தலைக்குக் குளித்திருந்தார். கையில் கல்யாணப் பத்திரிகை. ஜெகதீசனுக்கு ஒன்று, கெஸியாவுக்கு ஒன்று. கொடுத்துவிட்டு மேசையைப் பார்த்தார். வெல்வெட்டையும் பார்த்தார்.

"வந்திருச்சிங்களா?"

ஜெகதீசன் தலையை ஆட்டினார். வந்ததென்றும் இல்லை, வரவில்லையென்றும் இல்லை. "நான் வாக்குக் குடுத்தேனுங்க. என்னால முடியலைங்க," என்றார்.

ராஜகுமாரி கண்ணாடிப் பேழைக்கு அருகே போனார். முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் சுற்றிவந்து பார்த்தார். குனிந்து அடியிலும் பார்த்தார்.

"சார், எனக்குக் கண்ணு மங்கல். கொஞ்சம் வந்து பாருங்க. இந்தக் கண்ணாடியில ஏதாச்சும் எழுதியிருக்காங்களா?"

ஜெகதீசன் எழுந்து வந்தார். நான்கு பக்கமும் பார்த்தார். பெட்டியின் மேல்தான் எழுத்து. கண்ணாடி துடைத்து வைத்ததுபோலச் சுத்தமாக இருந்தது.

"ஒண்ணும் எழுதலைங்களே."

"உடைக்கக் கூடாதுன்னு?"

"இல்லைங்க."

"குத்தம்னு?"

"எதுவுமே இல்லைங்க."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க சார். நான் எழுதினத மீறுற ஆள் இல்ல."

"நல்லாப் பாத்துட்டேனுங்க," என்றார் ஜெகதீசன். அவர் குரலில் திடீரென்று ஒரு பணிவு வந்திருந்தது. மேசைக்குப் போய், வெல்வெட்டோடு அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு வந்து ராஜகுமாரியின் முன்னால் நீட்டினார், விழாவில் நீட்டியது போலவே.

ராஜகுமாரி பித்தளைச் சாவியை இரண்டு கைகளாலும் எடுத்தார். வருடக்கணக்காகத் தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தி பிடித்த கை. ஒரே வீச்சு. அருண்பிரசாத் சொன்னது சரிதான், நல்ல கனம். தன் வாழ்நாளில் அந்தச் சாவி முதன்முதலாக ஒன்றைத் திறந்தது.

அலாரம் அடித்திருக்க வேண்டும். மழைக்காலத்திலிருந்து அது வேலை செய்யவில்லை; அதற்கும் மேலே எழுதியிருந்தார்கள்.

கண்ணாடிச் சில்லுகளை ஒதுக்கிவிட்டு, ராஜகுமாரி தகர உண்டியலைத் தூக்கிச் சேலையில் துடைத்து, ஜெகதீசனின் மேசையில் வைத்தார். அதற்குமேல் கை வைக்கவில்லை.

"இத நீங்கதான் தொறக்கணும் சார்."

"நானுங்களா?"

"நான் உடைச்சாக் குத்தம். பேங்க்கோட பெட்டிய பேங்க்காரங்க தொறந்தா என்ன குத்தம்? திறவுகோல் வங்கியிலன்னுதான போட்டிருக்கு. வங்கி நீங்கதான."

ஜெகதீசன் அந்த வங்கியில் சேர்ந்த நாளிலிருந்து அவரை யாரும் வங்கி என்று சொன்னதில்லை. மண்டல அலுவலகம் சொன்னதில்லை, சம்பளச் சீட்டு சொன்னதில்லை. "கெஸியா, ஃபியூஸ் பெட்டிக்கிட்ட கட்டிங் பிளேயர் இருக்கும், எடும்மா," என்றார்.

பழைய தகரம். அடிப்பாகத்தைக் கவ்வி இழுத்ததும் கிழிந்து வந்தது. 'சட்டப்படி குற்றம்' நடுவில் இரண்டாயிற்று. செல்லாத காசுகள் மேசையில் கொட்டின. அவற்றோடு வெள்ளித்தாள் சுற்றிய ஒரு சின்ன உருண்டை. ராஜகுமாரி அதை எடுத்து நீட்டினார். கெஸியா வாங்கிப் பிரித்துக் கொடுத்தாள்.

சிவப்புக்கல் தோடு இரண்டும் இருந்தன. ஒன்றின் திருகாணி மட்டும் கறுத்திருந்தது.

ராஜகுமாரி அவற்றை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "சின்னதா இருக்குதே," என்றார். "எனக்கு இது பெரிசா ஞாபகம்." அப்புறம் முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"பெட்டியக் கொண்டு போகலீங்களா?"

"அது பேங்க் சொத்து சார். பேங்க்கிலேயே இருக்கட்டும்."

காசுகளையும் எடுக்கவில்லை. வாசல் வரை போய்த் திரும்பி, "ஞாயித்துக்கெழம சாப்பாட்டுக்கு வந்திரணும் ரெண்டு பேரும்," என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

திங்கட்கிழமை காலை ஜெகதீசன் ஒரு முடிவோடுதான் வந்தார். கண்ணாடி எப்படி உடைந்தது என்று மண்டல அலுவலகத்துக்குச் சொல்ல ஒரு பொய் தயார் செய்திருந்தார். அதில் ஒரு குரங்கு வந்தது. கிளையின் கதவைத் திறக்கும்போதுதான் படிக்கட்டைப் பார்த்தார்.

படிக்கட்டு முழுக்க ஆட்கள். கோத்தகிரியிலிருந்தும் வந்திருந்தார்கள், மஞ்சூர் முதல் பஸ்ஸிலும் வந்திருந்தார்கள். எல்லார் மடியிலும் பச்சைத் தகர உண்டியல். சிலது துருப்பிடித்தது, சிலது துணி சுற்றியது. ஒன்றுக்குக் குங்குமப் பொட்டே வைத்திருந்தது. ஒன்றுகூட உடைபடவில்லை. நம்பிக்கை என்பது என்ன என்று அருண்பிரசாத் ஒரு மாலை முழுக்க மைக்கில் விளக்கியிருந்தார். அது இங்கே வரிசையில் உட்கார்ந்திருந்தது.

முன்னால் இருந்த பெரியவர் எழுந்து கும்பிட்டார். "ஏனுங்க சார், நேத்துக் கல்யாணத்துல பொண்ணு காதுல தோட்டைப் பாத்தேனுங்க. பேங்க்ல தொறந்து குடுக்கறாங்களாமே?"

பின்னாலிருந்து ஓர் அம்மா கேட்டார்: "எங்கூட்டுக்காரருக்குத் தெரியாமத் தொறக்க முடியுங்களா?"

"உங்கூட்டுக்காரரு போயி எத்தன வருசமாச்சு?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"இருந்தாலும்," என்றார் அந்த அம்மா.

உள்ளே போன் அடித்தது. கெஸியா ஓடிப்போய் எடுத்தாள். ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு கூப்பிட்டாள்: "சார்! மண்டல ஆபீஸ். ஹெரிடேஜ் பொருள் பத்திரமா இருக்கான்னு கேக்கறாங்க. என்ன சொல்றது?"

ஜெகதீசன் குரங்கை நினைத்துப் பார்த்தார். படிக்கட்டைப் பார்த்தார். பேன்ட் பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தார்.

"தொறந்துக்கிட்டு இருக்கறோம்னு சொல்லு," என்றார். "அந்தப் பெரியவரை மொதல்ல வரச் சொல்லு."